நேற்று இல்லாத இரண்டு நிரல்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் வாசிப்பதற்கு, என் வேலைக்காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி அங்கே கணினி நிரல் எழுதும் ஹஸீமும் நிரோஷனும் கேட்டார்கள். தனித்தனியாக வந்து கேட்டார்கள். எழுதுவதற்கு வசதியாக ஹஸீம் என் தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கிவிட்டுப் போனான். மறுநாள் நிரோஷன் வந்து அதை அழித்துவிட்டு வேறொன்றை இறக்கினான். நான் கடைக்குப் போய் எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை அறிவு வந்துவிட்டது. ஆகவே எந்தச் செயற்கை அறிவு நல்லது என்று இருவரும் சண்டை போடுகிறார்கள். அங்கே புதிதாகப் போகிறவர்கள் யார் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது வெங்காயத் தோட்டத்தில் நடந்தது மட்டும். அதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. புத்தளம் உப்பளத்தில் இரண்டு வருடம் உப்பு வாரினேன், கால் வெடித்தது. சிலாபத்துக்கு அருகே தும்பு ஆலையில் நின்றேன், இருமல் வந்தது. கருவாட்டு வாடியில் நின்றேன். சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் முதலாளி ஒருநாள் காணாமல் போய்விட்டார். பிறகு கத்தாரில் ஒரு கட்டடத்தில் தரை துடைத்தேன். அதன் ஏழாம் மாடியில் கணினிகளுக்கென்று ஒரு குளிர் அறை இருந்தது. வெளியே வெயில் கொளுத்தியதால் அந்த அறையை மற்ற அறைகளைவிட அதிக நேரம் துடைத்தேன். அங்கிருந்த பொறியியலாளர் சிகரெட் பிடிக்கக் கீழே போகும்போது, தட்டவேண்டிய கட்டளைகளை ஒரு கடதாசித் துண்டில் எழுதி என்னிடம் தருவார். நான் கறுப்புத் திரையில் அவற்றைத் தட்டிவிடுவேன். அவர் நிறையச் சிகரெட் பிடித்தார். மூன்று வருடத்தில் துண்டு தேவைப்படவில்லை. என் கணினிப் படிப்பு அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியபோது கற்பிட்டியில் ஐஸ் கொம்பனி ஒன்றின் மாடியில் ஒரு மென்பொருள் நிறுவனம் இருந்தது. அதை ஆரம்பித்தவர் இத்தாலிக்குப் போய்விட்டார். அவருடைய தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு சம்மாட்டி, அதாவது கரைவலைக்குச் சொந்தக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் சம்மாட்டியார்தான். என் நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது.

"கம்பியூட்டர் தெரியுமா?"

"கொஞ்சம்."

"கயிறு இழுக்க?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப நாளைக்கு வா, சேவியர்."

நியமனக் கடிதத்தில் தொழில்நுட்ப உதவியாளர் என்று இருந்தது. வயர் இழுப்பது, பெட்டி பொருத்துவது, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் ஏச்சு வாங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

சம்மாட்டியாருக்கு நிரல் வாசிக்கத் தெரியாது. ஆனால் காலையில் எல்லோருக்கும் முன்னே வந்துவிடுவார். வெள்ளைச் சாரம், முழுக்கைச் சட்டை, கைகள் முதுகுக்குப் பின்னால். நிரலாளரின் கதிரைக்குப் பின்னே நின்று, கடலில் மீன்கூட்டம் தேடுவதுபோலக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்ப்பார். பிறகு ஒரே கேள்விதான்.

"பட்டுதா?"

வேலை முடிந்ததா என்று அர்த்தம். "பட்டுது" என்றால் "எவ்வளவு?" என்பார். நிரோஷன் சேர்ந்த புதிதில் "ஒரு மொடியூல் முடிஞ்சுது சேர்" என்றான்.

"அது எத்தினை கூடை வரும்?" என்று சம்மாட்டியார் கேட்டார். அவர் பகிடி விடவில்லை. அன்றிலிருந்து நாங்கள் கூடைக் கணக்கில் சொல்லப் பழகினோம். ஐஸ் கொம்பனியின் பில் போடும் நிரலில் ஒரு பிழையைத் திருத்தினால் அரைக் கூடை. கருவாட்டு மொத்த வியாபாரி ஒருவருக்கு முழு நிரலும் எழுதிக் கொடுத்தது ஆறு கூடை. இந்த அளவை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதில் ஒருபோதும் வழக்கு வந்ததில்லை.

வழக்கு வந்தது வேறு இடத்தில். ஹஸீம் புத்தளத்து முஸ்லிம், நிரோஷன் சிலாபத்து வேதக்காரன். அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு சொல் வந்ததில்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஒரே பார்சலில் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஹஸீம் தொழுகைக்குப் போனால் அவனுக்கு வரும் அழைப்புகளுக்கு நிரோஷன் பதில் சொல்வான். ஆனால் நிரலின் வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்கு ஹஸீம் ஒரு விசையை ஒருதரம் தட்டினான், நிரோஷன் இன்னொரு விசையை நான்கு தரம் தட்டினான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நான் கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன்.

"நாலு தரம் தட்ட உனக்கு விரல் வலிக்கல்லையா?" என்பான் ஹஸீம்.

"எனக்கு விரல் ஈக்கு. உனக்குத்தான் கண் இல்லை" என்பான் நிரோஷன், ஹஸீமின் பேச்சைப் போலவே பேசி.

அதோடு நிற்கவில்லை. ஹஸீமுக்குக் கறுப்புத் திரை, நிரோஷனுக்கு வெள்ளைத் திரை. ஹஸீமுக்குப் பைத்தன் மொழி, நிரோஷனுக்கு ஜாவாஸ்கிரிப்ட். கறுப்புத் திரைக்காக ஒருவன் யன்னலைச் சாத்துவான். வெள்ளைத் திரைக்காக மற்றவன் திறப்பான். ஒருநாள் யன்னல் கையோடு கழன்று கீழே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த லொறியின் மேல் விழுந்தது. அன்றுதான் சம்மாட்டியார் தீர்ப்புச் சொன்னார்.

கரைவலை போடும் கடற்கரைத் துண்டைப் பாடு என்போம். ஒரே பாட்டில் இரண்டு வலைக்காரருக்கு உரிமை இருந்தால் அவர்கள் அடிபடுவதில்லை. இன்று ஒருவரின் வலை, நாளை மற்றவரின் வலை. மீன் வந்தாலும் வராவிட்டாலும் முறை மாறாது.

"முப்பது வருஷம் என்ட பாட்டில ஒருத்தனும் கத்தி எடுத்ததில்லை" என்றார் சம்மாட்டியார். "இஞ்ச யன்னலைக் கழட்டுறீங்கள். இண்டையில இருந்து முறை. ஒருநாள் அவன், ஒருநாள் இவன்."

வீட்டிலிருந்து பழைய வலையின் மிதப்புக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அது யாருடைய திரையின் மேல் தொங்குகிறதோ, அன்று அவனுடைய முறை. காலை எட்டரைக்குக் கட்டை இடம் மாறும். முறைக்காரன் முழு நிரலையும் தன் பாணிக்கு மாற்றுவான். யன்னலை ஒன்றில் சாத்துவான், அல்லது திறப்பான். பத்து மணிபோல வேலை தொடங்கும். மறுநாள் மற்றவன் எல்லாவற்றையும் திருப்பிப் போடுவான். எட்டு மாதம் இப்படி நடந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் குறை சொல்லவில்லை. பத்து மணிவரை எனக்கு வேலை இருக்கவில்லை.

பிறகு நூரியா வந்தாள்.

நூரியாவின் ஆட்கள் மன்னாரிலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்தவர்கள். சிறு பிள்ளையாக வந்து, ஆலங்குடாப் பக்கம் முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்து, கணவனையும் அங்கேயே அடக்கம் செய்தவள். பதினெட்டு வருடம் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்ததாகச் சொன்னாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, எத்தனை வருடம் என்று நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். அதன் பிறகு அரை ஏக்கர் மணல் துண்டு ஒன்றை எடுத்து, அதில் ஒரு கிணறு வெட்டினாள். பதினாறு பாத்தியில் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள். காலையில் அவள் கருவாட்டு வாடி ஒன்றில் மீன் வெட்டப் போகவேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடவேண்டியதும் காலையில்தான். ஆகவே குறித்த நேரத்துக்கு மோட்டரைப் போட்டு நிறுத்தும் பெட்டி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாள்.

"முடியும்" என்றான் ஹஸீம்.

"முடியும் அக்கா" என்றான் நிரோஷன்.

இருவரும் முழு நிரலையும் தனித்தனியாக எழுதினார்கள், ஒருவன் பைத்தனில், ஒருவன் ஜாவாஸ்கிரிப்டில். எதைப் பெட்டிக்குள் போடுவது என்று கேட்டபோது சம்மாட்டியாருக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. முறைதான். ஒற்றை நாளில் ஹஸீமின் நிரல், இரட்டை நாளில் நிரோஷனின் நிரல். பெட்டியைக் கொண்டுபோய் மோட்டர் கொட்டிலில் பூட்டியவன் நான்.

முதல் இரண்டு வாரமும் தோட்டம் பச்சையாக நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பெட்டியின் விபரம் கேட்டார். சம்மாட்டியார் அதைப் பன்னிரண்டு கூடை என்று மதித்தார். மூன்றாம் வாரம் நூரியா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். போனபோது, அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிட்டு, ஒரு கோப்பையில் கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள்.

"இத ஒருக்காக் குடிச்சுப் பாருங்க நானா."

குடித்தேன். வாய்க்குள் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"சொல்லுங்க."

"உவர்க்குது."

"எனக்கு மட்டும்தான் அப்படி ஈக்குதோண்டு பாத்தேன்" என்றாள். வெங்காயத் தாள்களின் நுனி கருகத் தொடங்கியிருந்தது.

கற்பிட்டியில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது. அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அளவாக எடுத்தால் நல்லது மேலே நிற்கும். அதிகமாக இறைத்தால் கீழே உள்ளது ஏறி வரும். ஏறிவிட்ட கிணறு சிலவேளை இறங்கும், சிலவேளை இறங்காது. இறங்காவிட்டால் அந்தத் துண்டில் ஒன்றும் விளையாது, குடிக்கவும் முடியாது. நூரியா திரும்பவும் யாருடைய குழாயடியிலாவது நிற்கவேண்டும்.

அலுவலகத்தில் சொன்னேன்.

"அது ஜாவாஸ்கிரிப்ட் நாளில நடந்திருக்கும்" என்றான் ஹஸீம்.

"பைத்தன் மெதுவா ஓடும் அங்கிள். மோட்டரை நிப்பாட்டப் பிந்தியிருக்கும்" என்றான் நிரோஷன்.

இருவரும் தங்கள் நிரலை அலுவலகத்தில் ஒரு வாரம் ஓட்டிக் காட்டினார்கள். மோட்டருக்குப் பதிலாக ஒரு மின்குமிழ். ஹஸீமின் குமிழ் நாளுக்குச் சரியாக ஒரு மணித்தியாலம் எரிந்தது. நிரோஷனின் குமிழும் சரியாக ஒரு மணித்தியாலம் எரிந்தது. நான் மணிக்கூட்டோடு இருந்து பார்த்தேன், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சம்மாட்டியார் இரண்டு குமிழையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டு வலையிலயும் ஓட்டை இல்லை" என்றார். "அப்ப கடல்தான் பிழை."

அலுவலகக் கடதாசியில், முத்திரை குத்தி, கிணறு பழுதாக உள்ளது என்று ஒரு கடிதம் தயாரானது. கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியவன் நான். நூரியா மீன் வெட்டிய கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, நின்றபடியே எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"இது கிணத்துக்கு வந்த கடிதம் நானா. கிணத்துக்கிட்டயே குடுங்க."

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பாருங்கள் என்றாள், கதிரை ஒன்றும் தந்தாள். முதல் நாள் காலை ஆறரைக்கு மோட்டர் ஓடத் தொடங்கியது. ஏழரைக்கு நிற்கவேண்டும், நிற்கவில்லை. எட்டரைக்குத்தான் நின்றது. அன்று ஒற்றை நாள், ஹஸீமின் முறை. எனக்கு உள்ளுக்குள் நிரோஷன் பக்கம் ஒரு சாய்வு வந்தது. மறுநாள் இரட்டை நாள். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குத்தான் நின்றது. சாய்வு போய்விட்டது.

கொட்டிலைத் திறந்து, பெட்டியோடு என் பழைய மடிக்கணினியைக் கொழுவி, இரண்டு நிரலின் பதிவேடுகளையும் பார்த்தேன். இரண்டு நிரலும் காலையில் எழுந்ததும் தன் பதிவேட்டைப் பார்க்கும். கடைசியாக எப்போது தண்ணீர் விட்டேன்? ஒரு நாள் கடந்திருந்தால் ஒரு மணித்தியாலம். இரண்டு நாள் கடந்திருந்தால் இரண்டு மணித்தியாலம். நல்ல யோசனைதான், மின்சாரம் இல்லாத நாளை மறுநாள் ஈடுசெய்வதற்கு. ஆனால் ஹஸீமின் பதிவேட்டில் ஹஸீமின் நாட்கள் மட்டும் இருந்தன. நிரோஷனின் பதிவேட்டில் நிரோஷனின் நாட்கள் மட்டும். ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு நிரல் எழுந்து, நேற்று இந்தத் தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடவில்லை என்று முடிவெடுத்து, இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டியது. அலுவலகத்தில் குமிழுக்கு முறை வைக்கவில்லை. அதனால் அங்கே பிழை வரவில்லை.

சம்மாட்டியாரிடம் இதை விளங்கப்படுத்த நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"மற்றவன்ட நாளில இவங்கள் என்ன செய்றவங்கள்?" என்று கேட்டார்.

"காதில மாட்டிக்கொண்டு பாட்டுக் கேப்பாங்கள்."

"கரையில மற்றவன் வலை இழுக்கேக்க நான் வீட்ட போறதில்லை, சேவியர். மணலில குந்தி இருந்து பாப்பன். எவ்வளவு பட்டுது, எந்தப் பக்கம் நீரோட்டம், எல்லாம் பாப்பன். அதுக்குத்தான் அடுத்த நாள் எனக்கு முறை. இதை இவங்களுக்குச் சொல்லோணும் எண்டு எனக்குத் தோணேல்லை."

அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உடனே இருவரையும் கூப்பிட்டு, ஒரே பதிவேட்டை இரண்டு நிரலும் பார்க்கும்படி மாற்றச் சொன்னார். அரை மணித்தியால வேலை.

நான்கு நாள் போனது. பதிவேட்டை எந்த அமைப்பில் வைப்பது என்று சண்டை. ஹஸீம் அட்டவணையாக வைக்கவேண்டும் என்றான். நிரோஷன் அடைப்புக்குறிகளாக வைக்கவேண்டும் என்றான். இந்த நான்கு நாளும் நூரியா பெட்டியை நிறுத்திவிட்டு, வாடியால் வந்த பிறகு, நடுப்பகல் வெயிலில், பள்ளிவாசல் கிணற்றிலிருந்து கான்களில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மற்றக் கானைத் தூக்கியவன் நான். ஆறு பாத்தி முற்றாகக் கருகிவிட்டது. அவற்றை அவள் பிடுங்கி ஒரு பக்கத்தில் குவித்தாள்.

"தம்பிமார் என்ன செய்றாங்க நானா?"

"கதைக்கிறாங்கள்."

"தண்ணியப் பத்தியா?"

"தண்ணியைப் பற்றி எழுதுற கொப்பியைப் பற்றி."

அவள் கானைக் கீழே வைத்து, கை மாற்றி, திரும்பத் தூக்கினாள்.

ஐந்தாம் நாள் கொட்டிலுக்குள் குந்தியிருந்து முப்பத்தெட்டு வரி எழுதினேன். பைத்தனும் இல்லை, ஜாவாஸ்கிரிப்டும் இல்லை. கத்தாரில் தரை துடைக்கும்போது தட்டிய அதே பழைய கட்டளைகள். ஒரு கோப்பில் கடைசியாகத் தண்ணீர் விட்ட திகதி ஒரே வரியில் இருக்கும். நேற்று விட்டிருந்தால் இன்று அரை மணித்தியாலம். கிணற்றில் உப்பு இறங்கும்வரை அதற்கு மேல் இல்லை, யார் கேட்டாலும் இல்லை. மற்ற இரண்டு நிரலையும் நிறுத்தினேன். சம்மாட்டியாரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு முறை தந்திருப்பார், மூன்று நாளுக்கு ஒருதரம்.

மீதி பத்துப் பாத்திக்கும் அரை மணித்தியாலம் போதாது. குறையைக் கானில் சுமந்தோம். மூன்று வாரத்தில் உவர்ப்புக் குறைந்தது. பிறகு இரண்டு மழை பெய்தது. பத்துப் பாத்தியும் விளைந்தது, காய் கொஞ்சம் சிறிது. அடுத்த போகத்துக்கும் நூரியா அந்தத் துண்டைக் கைவிடவில்லை.

இதற்கிடையில் ஹஸீமும் நிரோஷனும் என் முப்பத்தெட்டு வரியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். அன்று அவர்கள் ஒரே மேசையில் இருந்தார்கள். ஒரே திரையைப் பார்த்தார்கள், யன்னல் பாதி திறந்திருந்தது. மாலைக்குள் இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரு அறிக்கை சம்மாட்டியாரிடம் போனது. என் நிரலில் நாற்பத்தொரு குறை இருப்பதாக அதில் இருந்தது. வரிகளைவிடக் குறைகள் மூன்று கூட. வாசித்தேன், எல்லாம் உண்மைதான். மாறிகளுக்கு நான் வைத்த பெயர்கள் மோசம். ஒன்றுக்கு 'தண்ணி' என்றும் இன்னொன்றுக்கு 'தண்ணி2' என்றும் வைத்திருந்தேன்.

சம்மாட்டியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சேவியர், மூண்டு வருஷத்தில முதல் தரம் ரெண்டு பேரும் ஒண்டு எண்டு சொல்லியிருக்கிறாங்கள்."

"நல்லது தானே, சம்மாட்டியார்."

"நல்லது. ஆனா உன்ட புரோகிராம் கூடாது எண்டதிலதான் ஒண்டாயிருக்கிறாங்கள். நீ இஞ்ச இருந்தா, உனக்குச் சார்பா ஒருத்தன், எதிரா ஒருத்தன் எண்டு திரும்பப் பிரிஞ்சிருவாங்கள்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வயது காரணமாக ஓய்வு என்று கடிதம் அடித்தார்கள். கேக் வெட்டினார்கள். அதை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்று ஒரு சிறு வாக்குவாதம் எழுந்தது. நான் நடுவில் வெட்டினேன். ஏற்கெனவே பல வேலைகளிலிருந்து போயிருக்கிறேன். கேக்கோடு போனது இதிலிருந்து மட்டும்தான்.

அதன் பிறகும் கிழமைக்கு ஒருதரம் நூரியாவின் மோட்டரைப் பார்க்கப் போகிறேன். போன மாதம் நான் அங்கே நிற்கும்போது ஹஸீமும் நிரோஷனும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இருவரும் சேர்ந்து புது நிரல் ஒன்று எழுதியிருப்பதாகவும், சேவியர் அங்கிளின் நிரலை எடுத்துவிட்டு அதைப் போடவேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்குக் கோபம் இல்லை. 'தண்ணி2' எனக்கே வெட்கம்.

நூரியா வாடிக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். கொட்டில் பூட்டின் திறப்பு அவளுடைய கையில் இருந்தது.

"போடுங்க தம்பி. எனக்கு ஒண்டுமில்ல. ஆனா முதல்ல ரெண்டு பேரும் ஒரே கதையச் சொல்லுங்க. நேத்து இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி விழுந்திச்சா?"

"விழுந்திச்சு ராத்தா" என்றான் ஹஸீம். "பின்னேரம் தூறினது தானே."

"தூறலைத் தண்ணி எண்டு எடுக்கேலாது" என்றான் நிரோஷன்.

"ஏன் எடுக்கேலாது? மண் நனைஞ்சிச்சே."

"எவ்வளவு நனைஞ்சா தண்ணி எண்டு முதல்ல ஒரு அளவு வைக்கோணும்."

"அளவ நான் எங்க வைக்கிறன், நீ எங்க வைக்கிறாய்?"

நூரியா இருவரையும் ஒருதரம் பார்த்தாள். கொட்டில் கதவை இழுத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள்.